கடலா, நதியா... உங்க முதல் குரூஸ் எது? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கம்ப்ளீட் கைடு!

என் தோழி ஒருத்தி, அப்பா - அம்மாவோட 30-வது கல்யாண நாளுக்காக ரெண்டு வருஷம் சீட்டு கட்டி, அவங்களை ஐரோப்பாவுக்கு குரூஸ் அனுப்பினாள். ஏழு ராத்திரி, அஞ்சு துறைமுகம், லிஸ்ட்டில் பெரிய எழுத்தில் 'ரோம்'. அம்மாவுக்கு ரோம் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கப்பல் நின்ற இடம் ரோம் இல்லை, சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகம். அங்கிருந்து ரோம் நகரத்துக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பஸ் பிடித்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, முட்டி வலியோடு நடந்து, கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு, 'கப்பல் கிளம்பிடுமே' என்ற பயத்தில் திரும்பி ஓடி வந்தார்களாம். "ரோம் எப்படிம்மா இருந்துச்சு?"ன்னு கேட்டதுக்கு அம்மா சொன்ன பதில், "பஸ் நல்லா இருந்துச்சு."

யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பயணத்தின் சின்ன எழுத்தில் சிவிட்டாவெக்கியா என்றுதான் போட்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரீல்ஸில் குரூஸ் வீடியோ பார்த்துவிட்டு 'நாமளும் போலாமா?' என்று ஃபேமிலி குரூப்பில் மெசேஜ் தட்டும் எல்லோரும் முதலில் பார்ப்பது கப்பலை. நீச்சல் குளம் எத்தனை, வாட்டர் ஸ்லைடு எவ்வளவு உயரம், பஃபேயில் என்ன இருக்கு... ஆனால், நீங்க முதலில் முடிவு பண்ண வேண்டியது கப்பலை இல்லை, அது போகும் பாதையை. எந்தக் கடல், எந்த நதி, எந்த மாசம்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், மற்றதெல்லாம் தானா செட் ஆகிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: கடலா, நதியா?

ரெண்டும் 'குரூஸ்' என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், ரெண்டு அனுபவமும் வேற வேற.

கடல் கப்பல் என்பது மிதக்கும் ஊர். 2024-ல் மயாமியிலிருந்து ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் மட்டும் சுமார் 365 மீட்டர். முழுசா நிரம்பினால் 7,000 பேருக்கு மேல் பயணிகளே இருப்பார்கள். தியேட்டர், ஜிம், குழந்தைகளுக்கான கிளப், ராத்திரி டான்ஸ் என்று கப்பலை விட்டு இறங்காமலே பொழுது போகும். முழு நாளும் தண்ணீரிலேயே கழியும் 'சீ டே' இதில் சகஜம்.

நதிக் கப்பல் அதற்கு நேர் எதிர். ஐரோப்பிய நதிகளில் ஓடுபவை பெரும்பாலும் 110 முதல் 135 மீட்டர் நீளம், அகலம் 11.4 மீட்டர்தான். காரணம், நதியில் ஏற்ற இறக்கங்களைக் கடக்க உதவும் 'லாக்' எனப்படும் நீர்ப்பூட்டுகளில் பல 12 மீட்டர் அகலம்தான். கப்பல் அதற்குள் நுழைந்தாக வேண்டும். அதனால் பயணிகள் 200 பேருக்குள்தான் இருப்பார்கள். வாட்டர் ஸ்லைடு, கேஸினோ எல்லாம் எதிர்பார்க்காதீங்க. பதிலாக என்ன கிடைக்கும்? கப்பல் பெரும்பாலும் ஊருக்கு நடுவிலேயே போய் நிற்கும். காலையில் காபி குடித்துவிட்டு இறங்கி நடந்தால், அஞ்சு நிமிஷத்தில் கடைவீதி. கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும். அலை இல்லை, அதனால் தலைசுற்றலும் கிட்டத்தட்ட இல்லை.

அதனால் ஒரு சிம்பிள் கணக்கு: கப்பல்தான் உங்க டூர் என்றால் கடல். ஊர்தான் உங்க டூர் என்றால் நதி. குழந்தைகளோடு போறீங்களா? கடல். வயசான அப்பா - அம்மாவோடு, நிறைய நடக்காமல் ஊர் பார்க்கணுமா? நதி. ஃப்ரெண்ட்ஸ் கேங்கா? கடல். ஐரோப்பிய நதிக் கப்பல்களில் உங்களைச் சுற்றி ரிட்டயர் ஆனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், ராத்திரி பத்து மணிக்கே கப்பல் அமைதியாகிடும்.

கடல் வழிகள்: எது யாருக்கு?

1. நம்ம கடல்: அரபிக்கடல், வங்காள விரிகுடா

'கப்பல் நமக்கு ஒத்துக்குமா?' என்று தெரியாதவர்களுக்கு இதுதான் சரியான டெஸ்ட் டிரைவ். மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு பக்கம் 2021 செப்டம்பரில் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் ஓட ஆரம்பித்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கிளம்பியது. அடுத்த வருஷம் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரைக்கும் போய் வந்தது. ரெண்டு ராத்திரியிலிருந்து அஞ்சு ராத்திரி வரை சின்னச் சின்ன பேக்கேஜ்கள் உண்டு. ஃப்ளைட் செலவு இல்லை, வெஜ் சாப்பாட்டுக்குப் பிரச்னை இல்லை, இந்தியாவுக்குள்ளேயே சுற்றும் பாதை என்றால் விசாவும் இல்லை.

ஒரே ஒரு விஷயம், எதிர்பார்ப்பை அளந்து வைங்க. எம்ப்ரஸ் 1990-ல் கட்டப்பட்ட கப்பல். ரீல்ஸில் பார்க்கும் புத்தம்புது ராட்சசக் கப்பல்களோடு இதை ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் வரும்.

மாசம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். அந்த மாசங்களில்தான் கப்பல் நம்ம கிழக்குக் கரைப் பக்கம் வந்திருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடா புயல் சீசன். லட்சத்தீவில் இறங்க நுழைவு அனுமதி வேண்டும். அங்கே பெரிய கப்பல் கரையோரம் நிற்க முடியாது, தூரத்தில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கூட்டிப் போவார்கள். அலை அதிகமாக இருந்தால் அன்றைக்கு இறங்குவதே கேன்சல்.

'லிஸ்ட்டில் இருக்கிற ஊரெல்லாம் நிச்சயம் பார்த்துடுவோம்' என்று நினைக்கக் கூடாது என்பதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கு. 2022-ல் சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு பயணத்தில் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. உலகம் முழுக்க எந்த குரூஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாலும், வானிலை, பாதுகாப்பு, அனுமதி காரணமாகத் துறைமுகத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கும். அதற்காக முழுப் பணமும் திரும்பக் கிடைக்காது.

2. சிங்கப்பூர் - மலேசியா - தாய்லாந்து

முதல் வெளிநாட்டு குரூஸுக்கு நம்ம ஆட்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பாதை இதுதான். சென்னையிலிருந்து நாலு மணி நேர ஃப்ளைட். சிங்கப்பூரின் மெரினா பே குரூஸ் சென்டரில் ஏறினால் பினாங்கு, போர்ட் கிளாங், லங்காவி, புக்கெட் என்று மூணு நாலு ராத்திரியில் ரவுண்டு அடிக்கலாம். பினாங்கில் இறங்கினால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே பேசி இட்லி சாப்பிடலாம்.

வருஷம் முழுக்க போகலாம் என்றாலும், புக்கெட் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் கொஞ்சம் ஆட்டம் காட்டும். இங்கேயும் 'ரோம்' டிரிக் உண்டு. 'கோலாலம்பூர்' என்று போட்டிருந்தால் அது போர்ட் கிளாங், ட்வின் டவர் பார்க்க ஒரு மணி நேரமாவது பயணம். 'பாங்காக்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் லேம் சபாங், நகரத்துக்கு 100 கிலோமீட்டருக்கு மேல்.

3. மத்தியதரைக் கடல்

வரலாறு, சாப்பாடு, போட்டோ மூணும் வேண்டுமென்றால் இது. ஆனால் மேற்கு, கிழக்கு என்று ரெண்டு தனித்தனிப் பாதைகள். மேற்கு என்றால் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ். பெரிய நகரங்கள், ஆனால், பல இடங்களில் துறைமுகம் வேற, ஊர் வேற. 'ஃபிளாரன்ஸ்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது பெரும்பாலும் லிவோர்னோவில். நேப்பிள்ஸும் பார்சிலோனாவும் விதிவிலக்கு, இறங்கியதுமே ஊர்தான். நேப்பிள்ஸிலிருந்து எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரம் ரயில் தூரத்தில் இருக்கு.

கிழக்கு என்றால் ஏதென்ஸ், சாந்தோரினி, மிக்கனோஸ், துருக்கியின் குசாதாசி, இஸ்தான்புல். சின்னத் தீவுகள், நீலக் கடல், வெள்ளை வீடுகள். ஹனிமூன் ஜோடிகளுக்கு இதுதான் பெட்டர். ஆனால், சாந்தோரினியில் கப்பல் நங்கூரம் போட்டு நின்று, படகில் இறக்கி, செங்குத்தான பாறைக்கு மேலே கேபிள் கார் க்யூவில் நிற்க வைப்பார்கள். ஒரே நாளில் அஞ்சு கப்பல் வந்தால் க்யூவிலேயே பாதி நாள் காலி. அந்தக் கூட்டத்தைக் குறைக்கத்தான் சாந்தோரினி, மிக்கனோஸ் தீவுகளில் சீசன் நேரத்தில் இறங்கும் ஒவ்வொரு பயணிக்கும் 20 யூரோ என்று 2025-ல் கிரீஸ் கட்டணம் கொண்டு வந்தது.

வெனிஸுக்குக் கப்பலிலேயே மிதந்து போகலாம் என்ற கனவு இருந்தால் அதையும் திருத்திக்கங்க. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் ஊரின் நடுவே இருக்கும் கால்வாய் வழியே போகத் தடை. வெளியே வேற துறைமுகத்தில் இறக்கித்தான் கூட்டிப் போவார்கள்.

மாசம்: மே, ஜூன் முதல் பாதி, செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். ஜூலை, ஆகஸ்ட்டில் நம்ம கத்திரி வெயிலும் சித்திரைத் திருவிழாக் கூட்டமும் சேர்ந்த மாதிரி இருக்கும், விலையும் உச்சம்.

4. நார்வே ஃபியோர்டுகள்

மலையைப் பனிப்பாறை அறுத்து, அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்ததுதான் ஃபியோர்டு. ரெண்டு பக்கமும் செங்குத்து மலை, அருவிகள், நடுவே கப்பல். கெய்ராங்கர், நேரோய் ஃபியோர்டுகள் 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. இங்கே கப்பல் போகும் வழிதான் காட்சி. ஊருக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை, பால்கனியில் உட்கார்ந்தால் போதும். பால்கனி கேபினுக்குக் காசு கொடுக்கத் தகுதியான முதல் ரெண்டு பாதைகளில் இது ஒன்று. இன்னொன்று அலாஸ்கா.

பசுமையும் அருவியும் வேண்டுமானால் மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை. வட நார்வேயில் நடுராத்திரியும் மறையாத சூரியனை ஜூலை வரை பார்க்கலாம். 'நார்தர்ன் லைட்ஸ்' வேண்டுமானால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை. ரெண்டும் ஒரே டிரிப்பில் கிடைக்காது, ராத்திரி இருட்டினால்தானே வானத்து ஒளி தெரியும்! கிளம்பும் துறைமுகத்தையும் கவனிங்க. ஜெர்மனியின் ஹாம்பர்க், கீல் அல்லது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஏறினால் ஷெங்கன் விசா போதும். இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் ஏறினால் இங்கிலாந்து விசாவும் தனியாக வேண்டும்.

5. கரீபியன்

ராட்சசக் கப்பல்களின் தலைநகரம். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் துறைமுகங்களிலிருந்து கிளம்பும். கிழக்குப் பாதையில் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின் பீச்சுகள். மேற்கில் கோசுமெல், ஜமைக்கா, கிராண்ட் கேமன், அதோடு மாயன் நாகரிக இடிபாடுகள். தெற்கில் அரூபா, குராசோ. வரலாறு பார்க்கப் போகும் இடம் இல்லை இது. பீச், ஸ்நார்க்கலிங், கப்பலின் கேளிக்கை, அவ்வளவுதான்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளி சீசன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் உச்சம். டிக்கெட் அப்போது சீப்பாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். புயல் வந்தால் கப்பல் சுற்றிப் போய்விடும், ஆபத்து குறைவு. ஆனால், நீங்க பார்க்க நினைத்த தீவு மாறிப் போகும். சென்னையிலிருந்து போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும், அமெரிக்க விசா கட்டாயம். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள், கையில் விசா இருக்கு என்றால் சேர்த்துக்கங்க. இதற்காக மட்டும் இங்கிருந்து போவது செலவுக்குத் தகாது.

6. அலாஸ்கா

மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிகன் ஊர்கள், பனிப்பாறை உடைந்து கடலில் விழும் சத்தம், திமிங்கிலம். 'இன்சைட் பாசேஜ்' என்ற தீவுகளுக்கு இடையேயான வழியில் போவதால் அலையும் குறைவு.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளைச் சுற்றிக் காட்டக் கூடாது என்று 1886-ம் வருஷச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதனால் சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பலும் வழியில் கனடாவின் விக்டோரியா மாதிரி ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வரும். ஆக, அமெரிக்க விசா மட்டும் வைத்திருப்பவர்கள் கனடா விசாவையும் எடுத்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் போனால் செக்-இன் கவுன்ட்டரிலேயே பயணம் முடிந்துவிடும்.

நதி வழிகள்: எது யாருக்கு?

1. நைல்

நதிப் பயணங்களில் முதல் முறைக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். லக்சர் - அஸ்வான் இடையே மூணு அல்லது நாலு ராத்திரி. எகிப்தின் பழங்காலக் கோயில்கள் நதிக்கரையிலேயே வரிசையாக இருப்பதால், கப்பல்தான் இங்கே சரியான வண்டி. லக்சரில் கர்னாக் கோயில், எதிர்க்கரையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு, வழியில் எட்ஃபு, கரையை ஒட்டியே கோம் ஓம்போ. அஸ்வானிலிருந்து அபு சிம்பல் போக சாலையில் 280 கிலோமீட்டர், விடியற்காலையிலேயே கிளப்பிவிடுவார்கள். அணை கட்டியபோது மூழ்காமல் இருக்க 1960-களில் அந்தக் கோயிலையே துண்டு துண்டாக அறுத்து, மேலே தூக்கி வைத்தார்கள் என்பதை அங்கே நின்று பார்க்கும்போது நம்பவே முடியாது.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை போங்க. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரியைத் தாண்டும். அப்போது டிக்கெட் சீப் என்று போய், காலை ஒன்பது மணிக்கே கேபினுக்குள் முடங்காதீங்க.

2. டானூப், ரைன்

2,850 கிலோமீட்டர் நீளமுள்ள டானூப், பத்து நாடுகளைத் தொட்டுப் போகும் நதி. முதல் தடவைக்கு ஜெர்மனியின் பசாவ் முதல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரையிலான ஏழு ராத்திரிப் பாதை பெஸ்ட். வியன்னா, பிராட்டிஸ்லாவா, வாகாவ் பள்ளத்தாக்கு, கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் புடாபெஸ்ட் பார்லிமென்ட். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாகியா, ஹங்கேரி நாலுமே ஷெங்கன் நாடுகள், ஒரே விசா. ஆனால், புடாபெஸ்ட்டுக்குக் கீழே கருங்கடல் பக்கம் போகும் பாதையில் செர்பியா வரும். அது ஷெங்கன் இல்லை.

ரைன் என்றால் சுவிட்சர்லாந்தின் பேசலிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை. நடுவில் மலைச்சரிவுக் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும், பெரிய தேவாலயம் நிற்கும் கொலோன் நகரமும். 1992-ல் திறந்த கால்வாய் ஒன்று ரைனையும் டானூபையும் மைன் நதி வழியாக இணைக்கிறது. அதனால் ரெண்டு நதியையும் ஒரே கப்பலில் பார்க்கும் ரெண்டு வாரப் பேக்கேஜும் உண்டு.

நதியின் பலவீனம் தண்ணீர். 2018, 2022 கோடைகளில் ரைனில் தண்ணீர் இறங்கி, கப்பல்கள் திணறின. வெள்ளம் வந்தாலும் பிரச்னைதான், பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையாது. அப்படி ஆனால் பாதி வழி பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். ஏப்ரல் வெள்ளத்தையும் ஆகஸ்ட் வறட்சியையும் தவிர்த்து மே, ஜூனில் போவது ஓரளவு சேஃப். குளிர் ஓகே என்றால் நவம்பர் கடைசி முதல் கிறிஸ்துமஸ் வரை சந்தை வெளிச்சங்களுக்காகவே தனி சீசன் இருக்கு.

3. மீகாங்

கம்போடியா - வியட்நாம். ஒரு முனையில் அங்கோர் வாட் இருக்கும் சியெம் ரீப், இன்னொரு முனையில் ஹோ சி மின் நகரம், நடுவில் நாம் பென். மிதக்கும் வீடுகள், படகுச் சந்தைகள், பட்டு நெய்யும் கிராமங்கள். மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது டோன்லே சாப் நதி எதிர்த் திசையில் ஓட ஆரம்பித்து, பெரிய ஏரியை நிரப்பும். அந்த அதிசயத்தால்தான் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை கப்பல் சியெம் ரீப் பக்கம் நெருங்க முடிகிறது. மற்ற மாசங்களில் பாதித் தூரம் பஸ். ஐரோப்பாவை விட ஃப்ளைட் செலவு குறைவு, ரெண்டு நாட்டுக்கும் இ-விசா வசதி உண்டு.

4. கங்கை, பிரம்மபுத்திரா, கூடவே ஆலப்புழா

2023 ஜனவரி 13-ல் வாரணாசியிலிருந்து கிளம்பிய 'கங்கா விலாஸ்', வங்கதேசம் வழியாக அஸ்ஸாமின் திப்ருகர் வரை 51 நாள், சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம். 36 பேர்தான் பயணிகள். அது பட்ஜெட்டுக்கு எட்டாது என்றாலும், கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் சில ராத்திரிகள் மட்டும் போகும் சின்னப் பயணங்கள் இருக்கு. அஸ்ஸாமில் காசிரங்கா காண்டாமிருகம், மாஜுலி தீவு. மழைக்காலம் முடிந்து, அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை சீசன்.

அதுக்கும் பட்ஜெட் இல்லையா? ஆலப்புழாவில் வேம்பநாட்டுக் காயலில் ஒரு ராத்திரி ஹவுஸ்போட். தண்ணீரில் தூங்கி எழுவது உங்களுக்குப் பிடிக்குமா, அப்பாவுக்குப் போரடிக்குமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது.

விசா: பலரும் வழுக்கி விழும் இடம்

ஏதென்ஸில் ஏறுறீங்க. கப்பல் துருக்கிக்குப் போய்த் திரும்ப ஏதென்ஸுக்கே வருது. துருக்கி ஷெங்கன் இல்லை. ஆக, நீங்க ஷெங்கன் எல்லையை விட்டு வெளியே போய், ரெண்டாவது முறை உள்ளே வர்றீங்க. 'சிங்கிள் என்ட்ரி' விசா இருந்தால் சிக்கல். 'மல்டிபிள் என்ட்ரி' வேண்டும். சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பலுக்கும் இதே கதைதான். 'கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்' என்று சொன்னாலும் பல பாதைகளில் விசா இல்லாமல் ஏற விட மாட்டார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், ஏஜென்ட் சொல்வதோடு நிற்காமல் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பாருங்க. பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாசம் செல்லுபடியாக இருக்கட்டும்.

காசு: போஸ்டரில் இல்லாத செலவுகள்

போஸ்டர் விலை என்பது ஜன்னல் இல்லாத உள்கேபினில், ரெண்டு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் விலை. தனியாகப் போனால் பல நிறுவனங்கள் ஏறக்குறைய ரெண்டு பேர் காசு கேட்கும். அதோடு துறைமுக வரி, விசா, ஃப்ளைட், கிளம்பும் ஊரில் முந்தின நாள் ஹோட்டல், ஊர் சுற்றும் டூர், குளிர்பானம், வைஃபை எல்லாம் சேரும். அமெரிக்க நிறுவனங்களில் பணியாளர் டிப்ஸ் தினமும் தானாகவே பில்லில் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்று வைத்தால், ரெண்டு பேருக்கு ஏழு நாளைக்கு 252 டாலர். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கும்போது டி.சி.எஸ். என்ற வரியும் பிடிப்பார்கள். அது வருமான வரித் தாக்கலில் கணக்கில் வரும், ஆனால் இப்போது கையிலிருந்து போகும். எல்லாவற்றையும் கூட்டி, ராத்திரிகளால் வகுத்துப் பாருங்க. ஒரு ராத்திரிக்கு எவ்வளவு என்று வரும் அந்த எண்தான் உண்மையான விலை. நதிக் கப்பல் டிக்கெட் பார்த்ததும் தலைசுற்றும். ஆனால், அதில் பெரும்பாலும் ஊர் சுற்றும் டூரும் சேர்ந்திருக்கும். ஒப்பிடும்போது அதையும் கணக்கில் எடுங்க.

உடம்பும் போனும்

கடல் ஒத்துக்காதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் கேபின் கேளுங்க. ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரை பற்றி டாக்டரிடம் முன்பே பேசுங்க. கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் கவனம்: பெரும்பாலான கடல் குரூஸ் நிறுவனங்கள், பயணத்துக்குள் 24-வது வாரத்தைத் தொடுபவர்களை ஏற்றுவதில்லை. ஆறு மாசத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. நடுக்கடலில் ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தால் பில் லட்சங்களில் வரும். அதையும் கவர் செய்யும் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் கிளம்பாதீங்க.

போனை ஏறியதுமே ஏரோப்ளேன் மோடில் போடுங்க. கரை மறைந்ததும் போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைத் தானாகப் பிடிக்கும். சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது. ரெண்டு ரீல் பார்த்த பில், டிக்கெட் விலையை நினைவுபடுத்தும்.

இன்னொன்று, கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பல் நிறுவனம் நடத்தும் டூரில் போய் லேட் ஆனால் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போய் லேட் ஆனால் அடுத்த துறைமுகத்துக்கு உங்க காசில் போய்ச் சேரணும். சொந்தமாகப் போறவங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடியே திரும்பிடுங்க.

காசு கட்டும் முன், இந்த அஞ்சைக் கேளுங்க

* லிஸ்ட்டில் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் துறைமுகத்தின் உண்மைப் பெயர் என்ன? அங்கிருந்து ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்? (மேப்பைத் திறங்க, ரெண்டு நிமிஷ வேலை.)
* ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம்? போக வர ஆகும் நேரத்தைக் கழித்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்?
* கப்பல் கரையில் நிற்குமா, படகில் இறக்குவார்களா? வீல்சேர், முட்டி வலி இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.
* அந்த மாசத்தில் அந்தக் கடலில் என்ன சீசன்? நதி என்றால் தண்ணீர் எப்படி?
* எத்தனை நாட்டு எல்லையைத் தாண்டுகிறோம்? எத்தனை முறை உள்ளே வருகிறோம்?

என் தோழி அடுத்த முறைக்குச் சீட்டு கட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த முறை நைல். அம்மாவிடம் பாதையை மேப்பில் காட்டியிருக்கிறாள். கோம் ஓம்போவில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று அம்மாதான் விரலால் அளந்து பார்த்தாராம். "இவ்வளவுதானா? இது நான் நடந்துடுவேன்" என்றாராம்.

நீங்களும் காசு கட்டும் முன் மேப்பைத் திறந்து, கூட வரப்போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை விரலால் அளந்து பாருங்க!